நாற்பது அந்நியர்

1992 ஆகஸ்ட் பத்தாம் தேதி காலை ஏழு பத்துக்கு முதல் பொட்டலம் விற்றது.

கால் கிலோ வறுத்த மிளகாய்த்தூள். வாங்கியவர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலிலிருந்து வெளியே வந்த ஓர் அம்மாள். காசைக் கொடுத்தார். நோட்டில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டார். பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனார். பிறகுதான் குணேஸ்வரியை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ஆற்ற மகள், பிள்ளை?"

"சிவசம்பு மகள், ஆன்டி."

"எந்தச் சிவசம்பு? ரயில்வே சிவசம்புவோ?"

"ஆமா ஆன்டி."

"அளவெட்டி ஆக்கள். எட, உன்ர அப்பாவின்ர சித்தியும் என்ர மாமியும் ஒண்டுவிட்ட சகோதரியள். அப்ப நீ எனக்கு மருமகள் முறை."

குணேஸ்வரியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்குள் ஏழு பொட்டலங்கள் போயின. ஏழு பேரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஏழு பேரும் சொந்தம்.

பக்கத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்த நசீமா சிரித்தாள். "என்ன குணா, ஊரே உன் சொந்தமா?"

"பிரிக்ஃபீல்ட்ஸ்ல யாழ்ப்பாணத்து ஆளுங்க எல்லாருமே அப்படித்தான் லா," என்றாள் குணேஸ்வரி. அவள் சிரிக்கவில்லை.

சிரிக்க முடியாததற்குக் காரணம் ஒரு விதி. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகமும் சென்னையில் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்த ஆண்டுதான் ஒரு பாடத்தைத் தொடங்கியிருந்தன. தொழில் தொடங்கக் கற்பிப்பது. வகுப்பறை கிடையாது. இங்கிருந்து ஒருவர், அங்கிருந்து ஒருவர் என்று ஆறு ஜோடிகள். பத்து நாளில் ஒவ்வொரு ஜோடியும் நாற்பது பேரிடம் எதையாவது விற்க வேண்டும். நாற்பதைத் தொட்ட ஜோடிகள் டிசம்பரில் சென்னை போகும். அங்கே இரண்டாம் பாதி.

விதியை எழுதியவர் சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியை மார்க்கிரட். ஒரே வரி. இருவரில் எவருடைய சொந்தக்காரருக்கு விற்றாலும் அது செல்லாது.

"சொந்தக்காரங்க வாங்கினா அது பாசம்," என்று முதல் நாள் சொல்லியிருந்தார். "முன்பின் தெரியாதவன் வாங்கினாத்தான் வியாபாரம்."

அன்று மாலை அவர் நோட்டைத் திறந்தார். ஒவ்வொரு பெயராகக் கேட்டார்.

"இவங்க?"

"மாமி முறை, மேடம்."

"இவர்?"

"பெரியப்பா முறை."

"ரத்த சொந்தமா?"

"எப்படின்னு அவருக்குத்தான் தெரியும், மேடம். ஆனா கண்டுபிடிச்சிட்டாரு."

குணேஸ்வரிக்குப் பொய் வராது. மார்க்கிரட்டுக்கு இரக்கம் வராது. ஏழு பெயர்களிலும் சிவப்புக் கோடு விழுந்தது.

சென்னையிலிருந்து வந்து ஜோடி சேர்ந்திருந்த நசீமா தங்கியிருந்தது குணேஸ்வரியின் வீட்டில். இரவுச் சாப்பாட்டின்போது சிவசம்பு பேசினார். ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் சட்டைப் பையில் பேனா இருக்கும்.

"கோயில் வாசலில நிண்டு தூள் விக்கிறியாம்."

"பாடம்பா."

"மூண்டு தலைமுறையா நாங்கள் கவர்ன்மென்ட். ஒருத்தரும் ஒண்டும் விக்கேல்லை."

"எங்க வீட்டுல மூணு தலைமுறையா விக்காத ஆளே இல்ல, அங்கிள்," என்றாள் நசீமா. நாகூரில் அவளுடைய வாப்பாவுக்குத் துணிக்கடை. "நான் முதல்ல பேசின வார்த்தையே 'எத்தனை முழம்'தானாம்."

சிவசம்பு சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"டிசம்பர் லீவுக்கு ஒஃபீசில ஒரு டெம்பரரி கிளார்க் வேலை சொல்லி வச்சிருக்கிறன். மறந்திடாதை."

"நாற்பது ஆச்சுன்னா நான் மெட்ராஸ் போவேன்பா."

"ஆகாட்டில்?"

"ஆகலைன்னா கிளார்க்."

அவர் தலையசைத்தார். ஒப்பந்தம் முடிந்தது. குணேஸ்வரிக்கு அன்று தூக்கம் வரவில்லை. வீட்டில் ஒருவர்கூடப் பார்க்காத சென்னைக் கடற்கரையை அவள் பார்க்க விரும்பினாள். அதைவிட, தான் ஒன்றை விற்க முடியும் என்று தெரிந்துகொள்ள விரும்பினாள்.

மூன்று நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் நின்றார்கள். இடம் மாற்றினார்கள். தபால் நிலையம், பாசார் சந்தை, ரயில்வே குவார்ட்டர்ஸ். தூளின் வாசம் சரியான ஆட்களை இழுத்து வந்தது. அதாவது தவறான ஆட்களை. கோடு விழாத பெயர்கள் நான்கு.

வியாழக்கிழமை பஸ் பிடித்துக் கிள்ளான் போனார்கள். அங்கே குணேஸ்வரியை யாருக்கும் தெரியாது. ஆனால் நசீமாவின் தாய்மாமன் காதருக்கு அங்கே துணிக்கடை இருந்தது.

"எல்லாப் பொட்டலத்தையும் உள்ள வை, மருமவளே," என்றார் காதர்.

"நீங்க வாங்கக் கூடாது, மாமா."

"ஏன், என் காசு செல்லாதா?"

"உங்க காசு செல்லும். நீங்கதான் செல்லமாட்டீங்க."

காதருக்கு அது பிடித்துப்போயிற்று. வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்தவர்களில் ஐந்து பேர் பொட்டலம் வாங்கினார்கள். ஐவரும் அந்நியர்.

ஆறாவதாக ஒரு பெரியவர் வந்தார். கந்தப்பு. ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவர். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொட்டலத்தை முகர்ந்தார். முகம் மாறியது.

"கறிவேப்பிலையைத் தனிய வறுத்திருக்கினம். இது ஆற்ற வீட்டுத் தூள்?"

குணேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். "அங்கிள், ப்ளீஸ். ஒண்ணும் கேக்காதீங்க."

"நீ சிவசம்புவின்ர பெட்டை."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூக்கைப் பாத்தாத் தெரியுது," என்றார் கந்தப்பு. "நான் உன்ர அப்பனுக்குப் பெரியம்மா மகன். அவர் சொல்லியிருக்க மாட்டார்."

நசீமா பேனாவை மூடினாள். "அப்ப நீங்களும் செல்லமாட்டீங்க, அங்கிள்."

மாலையில் விஷயம் வீட்டுக்கு வந்தது. கந்தப்பு என்ற பெயரைக் கேட்டதும் சிவசம்பு செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். அம்மா அடுப்படியிலிருந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். ஐம்பத்தொன்பதில் சிவசம்புவின் தங்கை கல்யாணம். கந்தப்பு ஐஸ் வாங்கப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் குடும்பப் படம் எடுத்துவிட்டார்கள். ஏன் என்னை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். வேலை நெருக்கடியில் இருந்த சிவசம்பு, "நீ என்ன சொந்தமோ படத்தில நிக்க?" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. முப்பத்து மூன்று வருடம்.

வெள்ளிக்கிழமை மாலைக் கணக்கு: பதினொன்று. மீதி ஐந்து நாள்.

நசீமா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய நோட்டில் பெயர்கள் மட்டும் இல்லை. கேட்டதையெல்லாம் பொழுதுபோகாமல் எழுதி வைத்திருந்தாள். யாருக்கு யார் மாமன், யார் எந்த ஊர், எந்த வீட்டுக்கு எங்கே பெண் கொடுத்தார்கள். பதினெட்டுப் பக்கம்.

"குணா, தூள் வாங்க ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

"ஒரு நிமிஷம்."

"சொந்தம் கண்டுபிடிக்க?"

"அரை மணி. சில பேர் இன்னொரு ஆளையும் கூட்டிட்டு வராங்க."

"ஒரு நிமிஷச் சாமானுக்குக் காசு வாங்கிட்டு அரை மணிச் சாமானை நாம சும்மா கொடுத்துட்டிருக்கோம்."

குணேஸ்வரி அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆனா சொந்தம்னு தெரிஞ்சா செல்லாதே."

"காசு கொடுக்கும்போது தெரியாதுல்ல?"

சனிக்கிழமை காலை, கோயில் செயலாளரிடம் கேட்டுக்கொண்டு, எதிர்ப்புற மரத்தடியில் ஒரு மேசை போட்டார்கள். சில நாற்காலிகள். அட்டையில் நசீமாவின் கையெழுத்து: உறவு தேடித் தரப்படும். இரண்டு ரிங்கிட். முதலில் காசு, பிறகு பேச்சு. கிடைக்காவிட்டால் காசு வாபஸ்.

மார்க்கிரட் வந்து அட்டையை இரண்டு முறை படித்தார்.

"இது விதியை ஏமாத்துறது."

"இல்ல மேடம்," என்றாள் குணேஸ்வரி. "ஏற்கெனவே தெரிஞ்ச சொந்தத்துக்கிட்ட நான் காசு வாங்க மாட்டேன். காசு வைக்கும்போது அவங்க யாரோ. அப்புறம் சொந்தமானா, அதுதானே சாமான்?"

மார்க்கிரட் சிவப்புப் பேனாவை எடுத்துக் காட்டினார்.

"காசு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசினாலும் கோடு போடுவேன்."

முதலில் வந்தவர் செராஸிலிருந்து வந்த ஓய்வுபெற்ற சர்வேயர். இரண்டு ரிங்கிட்டை வைத்தார். தாய்வழி சங்கானை என்றார். பொன்னம்பலம் என்ற தாத்தாவின் பெயரைச் சொன்னார். நசீமா பக்கங்களைப் புரட்டினாள்.

"பொன்னம்பலம்... இருக்கு. அவருக்கு ஒரே பொண்ணு. மானிப்பாய்ல கொடுத்தாங்க."

"பிழை," என்றது ஒரு குரல்.

சிவசம்பு. கோயிலுக்குப் போகிற வழியில் நின்றிருந்தார். மேசையைப் பார்க்கக் கூடாது என்று எதிர்ப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தவர். காதைத் திருப்ப முடியவில்லை.

"பொன்னம்பலத்துக்கு ரெண்டு தாரம். மூத்த தாரத்துக்கு ரெண்டு பெட்டையள். இளையதுக்கு ஒரு பெடியன், சிரம்பானில ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவன். மானிப்பாய் எண்டது இளைய பெட்டை. எழுது பிள்ளை."

நசீமா எழுதினாள். சிவசம்பு நின்றபடியே இன்னும் நான்கு பெயர்கள் சொன்னார். பிறகு உட்கார்ந்தபடி. அன்று அவர் கோயிலுக்குள் போகவில்லை.

மதியம் மார்க்கிரட் மறுபடி வந்தார்.

"இவர் யாரு?"

"எங்க சப்ளையர், மேடம்," என்றாள் நசீமா.

"என்ன சப்ளை பண்றார்?"

"ஞாபகம்."

முப்பது ஆண்டு ரயில்வேயில் சிவசம்பு இடமாற்றக் கடிதங்களை எழுதியிருந்தார். யார் எந்த ஸ்டேஷனுக்குப் போனார், யாருடைய மகளைக் கட்டினார், லீவு கேட்டது எந்த ஊர்ச் சாவுக்கு. அத்தனையும் தலைக்குள் வரிசையாக இருந்தன. ஒரே கஷ்டம், காசு விழும்வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. தெரிந்த முகச்சாயல் தெருவில் வருவதைக் கண்டால் நாற்காலியில் நெளிவார். நசீமா முழங்கையால் இடிப்பாள். இரண்டு ரிங்கிட் மேசையைத் தொட்டதும் அணை உடைந்ததுபோல் ஆரம்பிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் கூட்டம் நின்றது. இருபது வருடமாக ஒரே கிளப்பில் கேரம் ஆடிய இரண்டு பேர் சகலை முறை என்று தெரிந்தது. ஒருவர் மற்றவரிடம், "இனிமே நீ எனக்குத் தோக்கோணும்," என்றார். காஜாங்கிலிருந்து வந்த ஒரு டாக்டர் அம்மாள், தன் பக்கத்து வீட்டுக்காரி தன் தாத்தாவின் தங்கை பேத்தி என்று கேட்டுவிட்டு, "ஐயோ, அவளோட நேற்றுத்தான் நாயைப் பற்றிச் சண்டை," என்று தலையில் கை வைத்தார். வீட்டுக்குப் போகும்போது ஒரு பொட்டலம் தூளும் வாங்கிக்கொண்டார். அவளுக்குக் கொடுக்க.

இரண்டு பேருக்கு மட்டும் சிவசம்புவால் கண்டுபிடிக்க முடியவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இரண்டு பேருக்காக அவர் இரவு சாப்பிடவில்லை.

ஞாயிறு மாலை முப்பது. செவ்வாய் மாலை முப்பத்தாறு. கடைசி நாள் புதன். மாலை ஆறு மணிக்கு முடிவு. மூன்று மணிக்கு முப்பத்தொன்பது. நசீமா கிள்ளானுக்குப் போன் போட்டுக் காதரிடம் புலம்பினாள்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது. தெருவில் தெரிந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே சொந்தமாகியிருந்தார்கள். மார்க்கிரட் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குணேஸ்வரி பென்சிலைச் சீவினாள். சீவ அதில் ஒன்றும் மிச்சமில்லை.

ஐந்து இருபதுக்கு ஒரு டாக்சி வந்து நின்றது. கந்தப்பு இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. சிவசம்புவைப் பார்க்காமல் நேராக மார்க்கிரட்டிடம் வந்தார்.

"என்ர பேரை வெட்டினது நீங்களோ?"

"நீங்க?"

"கந்தப்பு, கிள்ளான். போன வியாழக்கிழமை தூள் வாங்கினனான். இவைக்கு ஒண்டு குறையுது எண்டு துணிக்கடைக் காதர் சொன்னவர். அதை நீங்கள் திரும்ப எழுதோணும்."

"சொந்தக்காரர்னா செல்லாதுங்க."

"அதைத்தான் சொல்ல வந்தனான். நான் சொந்தமில்லை." குடையின் நுனியால் சிவசம்புவைக் காட்டினார். "ஐம்பத்தொன்பதில, முப்பது பேருக்கு முன்னால, இவரே சொன்னவர். நான் அந்நியன். எழுதுங்கோ."

நசீமா குணேஸ்வரியின் கையைப் பிடித்தாள். மார்க்கிரட் சிவப்புக் கோடு போட்ட பக்கத்தைத் தேடி எடுத்தார். சிவசம்புவைப் பார்த்தார்.

"ஐயா, உங்க பதில்தான் முடிவு. இவர் உங்களுக்குச் சொந்தமா, இல்லையா?"

இல்லை என்றால் போதும். நாற்பது. சிவசம்பு மகளைப் பார்த்தார். குணேஸ்வரி பார்வையைப் பென்சிலுக்குத் திருப்பிக்கொண்டாள். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டார், விட்டார்.

"பெரியம்மா மகன்," என்றார்.

மார்க்கிரட் அந்தப் பக்கத்திலிருந்து விரலை எடுத்தார்.

"சொந்தப் பெரியம்மா. அளவெட்டியில ஒரே வளவுக்குள்ள வீடு. அண்டைக்கு நான் சொன்னது பிழை." சிவசம்பு மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ ஐஸுக்குப் போனது எனக்குத் தெரியும்."

கந்தப்பு குடையைத் தரையில் ஊன்றினார்.

"ரெண்டு கட்டி. சைக்கிள் இல்லை. தோளில சுமந்து வந்தனான்."

"தெரியும்."

"அரைவாசி உருகிட்டுது."

"சட்டையெல்லாம் ஈரம். எனக்கு ஞாபகம் இருக்கு."

"உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்," என்றார் கந்தப்பு. "அதுதானே உன்ர வியாதி." காலி நாற்காலி ஒன்றை இழுத்துச் சிவசம்புவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சிவசம்பு சிரித்தார். பிறகு இரண்டு பேருமே சிரித்தார்கள், மூச்சு வாங்கும்வரை.

குணேஸ்வரியும் சிரித்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள்.

"முப்பத்தொன்பது," என்றார் மார்க்கிரட். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

டாக்சிக்காரர் கதவைத் திறந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் துண்டு.

"பாஸ், வெயிட்டிங் காசு ஓடுது. திரும்பிப் போறீங்களா, இல்லையா?"

"இவர் இண்டைக்குப் போகார்," என்றார் சிவசம்பு.

டாக்சிக்காரர் அட்டையைப் படித்தார். உதடு அசைந்தது.

"உறவு தேடுறதா? என்ன தங்கச்சி, நெசமாவா?"

"நெசம்தான் அண்ணே," என்றாள் குணேஸ்வரி.

"உங்க யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு மட்டுமா?"

குணேஸ்வரி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பத்து நாளில் இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. அப்பாவின் தலைக்குள் இருந்தது ரயில்வே. அதற்கு வெளியே, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் உழைத்த ரப்பர்த் தோட்டங்கள் அதில் கிடையாது.

"காசு வச்சாத்தான் பேசலாம், அண்ணே," என்றாள் நசீமா.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு ரிங்கிட்டை வைத்தார். நோட்டில் பெயரெழுதினார். நாகையா, மேரு.

"இப்பச் சொல்லுங்க."

"எங்கப்பா தம்புசாமி. மேரு பக்கம் தோட்டத்துல பால் வெட்டினாரு. எனக்குப் பத்து வயசுல தவறிட்டாரு. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினாராம். ஊரு வாய்மேடு. அவ்வளவுதான் தெரியும்." கொஞ்சம் யோசித்தார். "ஒரு தங்கச்சி இருந்திச்சாம். பவுனம்மாள். அவரு கப்பல் ஏறையில அதுக்கு ஆறு வயசு."

எல்லாரும் சிவசம்புவைப் பார்த்தார்கள். அவர் மெதுவாகத் தலையசைத்தார். "எனக்குத் தெரியாது, தம்பி."

நாகையா சிரித்தார். "பரவால்ல பாஸ். யாருக்குமே தெரியாதுதான்."

"எந்த வருஷம்ணே, கப்பல் ஏறினது?" என்று கேட்டாள் நசீமா. அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தாறு."

"அப்ப அத்தைக்கு இப்ப அறுபத்திரண்டு." அவள் நிமிர்ந்தாள். "வாய்மேடு எங்க ஊர்ல இருந்து பஸ்ல ரெண்டு மணி நேரம். எங்க வாப்பா அந்தப் பக்கம் சந்தைக்கெல்லாம் துணி போடுறாரு. எந்த வீட்டுல பவுனம்மாள்னு கேட்டா, ஒரு நாள்ல சொல்லிடுவாங்க."

மார்க்கிரட் தொண்டையைச் செருமினார்.

"காசு வாங்கியாச்சு. கையெழுத்து ஆச்சு. ஆனா சாமான் எங்க, நசீமா?"

"சாமான் கப்பல்ல வருது, மேடம்."

"யாரு கொண்டு வரப் போறது?"

"நான்," என்றாள் குணேஸ்வரி. எழுந்து நின்றிருந்தாள். "டிசம்பர்ல நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன், மேடம். இல்லைன்னா அண்ணனுக்குக் காசு வாபஸ்."

"முன்பணம் வாங்கிட்டு வெளிநாட்டுல இருந்து சரக்கு."

"அதேதான், மேடம்."

"இதை நான் பாடத்துல எழுதவே இல்லையே," என்றார் மார்க்கிரட். சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். குணேஸ்வரியின் கையிலிருந்த குட்டைப் பென்சிலை வாங்கி, நாகையாவின் பெயருக்கு எதிரே 40 என்று எழுதினார்.

நசீமா கூவினாள். கோயில் புறாக்கள் பறந்தன. குணேஸ்வரி அவளைத் தூக்கிச் சுற்றியதில் மேசை சாய்ந்து மீதித் தூள் பொட்டலங்கள் சிதறின, ஒன்று உடைந்து எல்லாரும் தும்மினார்கள். சிவசம்பு தும்மிக்கொண்டே மகளிடம், கிளார்க் வேலைக்கு யாராவது பெடியன் இருந்தால் சொல்லு என்றார்.

"சர்பத் வாங்கட்டோ?" என்றார் கந்தப்பு, மூக்கைத் துடைத்தபடி. "ஐஸ் போட்டு."

"நீ அசையாதை," என்றார் சிவசம்பு. "இந்த முறை நான் போறன்."

அவர் தெருவைக் கடந்து போனார். முதல் துளிகள் விழுந்தன. நாகையா இன்னும் மேசையருகே நின்றார். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் தன் பெயரையும், அதன் கீழே தம்புசாமி, பவுனம்மாள், வாய்மேடு என்று நசீமா எழுதியிருந்ததையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு குணேஸ்வரியைப் பார்த்தார்.

"நீங்க போற வரைக்கும் அத்தை உயிரோட இருக்கும் இல்ல, தங்கச்சி?"